வலிக்காத கண்ணுக்கு ஏன் அவசரம்?

"வலியே இல்ல டாக்டர், அதான் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

விழித்திரை விலகலோடு தாமதமா வர்றவங்க பலர் சொல்றது இதுதான். இதைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்.

1) விழித்திரைக்கு, அதாவது ரெட்டினாவுக்கு, வலி தெரியாது. கண்ணுக்குள்ள இருக்கும் ஜெல், விலகும்போது ரெட்டினாவை இழுத்துக் கிழிச்சிடலாம். அந்தக் கிழிசல் வழியா நீர் பின்னாடி புகுந்தா, மழையில் நனைஞ்ச போஸ்டர் மாதிரி ரெட்டினா கழன்று வரும்.

2) கிழிசலை அடைச்சாத்தான் குணமாகும்னு 1920-களில் நிரூபிச்சவர் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின். இன்னைக்கு, சிக்கல் இல்லாத விலகல்னா பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே ஆபரேஷனில் ஒட்டிடும்.

3) சிக்கலானது எது? கிழிசல் வழியா வெளியேறும் செல்கள் ரெட்டினாவின் மேலயும் கீழயும் படிஞ்சு, தழும்பு மாதிரி சவ்வா மாறும். அது சுருங்கச் சுருங்க ரெட்டினா கசங்கி விறைச்சுப் போகும். இதுக்குப் பேரு பி.வி.ஆர். நல்லா நடந்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரலாம். ஆனா விலகல் நாள்பட்டா ஆபத்து கூடும்.

4) அந்தச் சவ்வை உரிக்கிறதுதான் சவால். ரெட்டினாவின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான். இங்க இழுத்தா அங்க கிழியும். உரிச்சும் படியலைன்னா, விறைச்ச ஓரத்தை வெட்டி எடுக்கணும். ஓரப்பார்வையைக் கொடுத்து நடுப்பார்வையைக் காப்பாத்துற கணக்கு அது. அப்புறம் லேசர், சிலிக்கான் ஆயில். பெரும்பாலும் சில மாதம் கழிச்சு ஆயிலை எடுக்க இன்னொரு ஆபரேஷன். அதுக்கப்புறமும் மறுபடி கழலலாம்.

5) இங்க எங்க தரப்பு தப்பையும் சொல்றேன். "ஆபரேஷன் சக்ஸஸ்"னு சொல்லும்போது எங்க அர்த்தம், ரெட்டினா ஒட்டிடுச்சு. நீங்க புரிஞ்சுக்கிறது, பார்வை வந்துடும். ரெண்டும் ஒண்ணு இல்ல. நடுப்பகுதியான மாக்குலா கழன்று பல நாள் ஆயிட்டா, ஒட்டின பிறகும் பழைய தெளிவு கிடைக்காம போகலாம். இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லணும். நம்பிக்கை கொடுக்கிறேன்னு மறைக்கிறது நியாயமில்ல.

6) என் கருத்து இதுதான்: எவ்வளவு நவீன மெஷின் வந்தாலும், கைவிட்டுப் போன நாட்களை அதால திருப்பித் தர முடியாது.

7) திடீர்னு கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள், மின்னல் வெட்டுற மாதிரி வெளிச்சம், ஓரத்துல திரை விழுந்த மாதிரி நிழல். இதில் எது வந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க. கண்ணாடிப் பவர் செக் பண்றது போதாது. கண்மணியை விரிய வைக்கிற சொட்டு மருந்து போட்டு ரெட்டினாவைப் பார்க்கச் சொல்லுங்க. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவங்க, கண்புரை ஆபரேஷன் செஞ்சவங்க, கண்ணில் அடிபட்டவங்க, குடும்பத்தில் யாருக்காவது இது வந்திருக்கிறவங்க கூடுதல் கவனமா இருக்கணும்.

கிழிசலா மட்டும் இருக்கும்போதே வந்துட்டா, பெரும்பாலும் லேசரோட முடிஞ்சிடும். வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. அது வராது.