டீசல் விலைக்குப் பொறுப்பாளி யார்?

டீசல் விலை ஏறுகிற போதெல்லாம் மத்திய சர்க்கார் உலகச் சந்தையையும், மாநில சர்க்கார் மத்திய சர்க்காரையும் கை காட்டுவதும், எண்ணெய்க் கம்பெனிகள் மௌனம் சாதிப்பதும், இவர்களில் எவரையும் நேரில் காண வாய்ப்பில்லாத டிரைவர் தம் ஆத்திரத்தையெல்லாம் பங்கில் டீசல் போடுகிற பையன் மீது கொட்டிவிட்டுப் புறப்படுவதும் நம் லாரித் தொழிலில் வாடிக்கையாகிவிட்டன. பழி ஒருவரோடு நிற்கிற விஷயமல்ல இது என்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் சரிபங்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் நியாயமாகாது.

சேலத்தில் லோடு ஏற்றி டில்லிக்குப் போகும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 2,300 கிலோமீட்டர். பாரத்தோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மைலேஜ் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் போகிற வழிக்கு மட்டும் 575 லிட்டர் வேண்டும். 2022 மார்ச் 22 தொடங்கி ஏப்ரல் 6 வரையிலான 16 நாட்களில் 14 தடவையாக லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றப்பட்டதே, அந்தச் சந்தர்ப்பத்தில் புக்கிங் ஆபீசில் பழைய விலையை மனத்தில் கொண்டு வாடகை பேசிவிட்டு, அடுத்தடுத்த நாட்களில் வழிநெடுகப் புது விலைக்கு டீசல் போட்டுக்கொண்டு போன உரிமையாளர்கள், பேசிய வாடகையில் ஒரு காசு கூடாமலேயே ஆயிரக்கணக்கான ரூபாயை இழந்தார்கள். தினந்தோறும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்ற ஏற்பாடு 2017 ஜூன் 16 முதல் நடைமுறையில் இருந்தும், அந்த ஏற்றத்துக்கு முந்தைய நாலரை மாத காலம் விலை அசையவே இல்லை என்பதும், அந்த இடைவேளையில்தான் உத்தரப் பிரதேசம் முதலான மாநிலங்களில் தேர்தல் நடந்தது என்பதும் யாருக்கும் மறந்திருக்காது. 2018இல் கர்நாடகத் தேர்தலின்போதும் இப்படியே 19 நாட்கள் விலை உறங்கிற்று. சந்தைதான் விலையை நிர்ணயிக்கிறது என்கிறவர்கள் இதற்குச் சமாதானம் சொல்லியாக வேண்டும்.

பெட்ரோல் 2010 ஜூனில் சர்க்கார் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. டீசல் 2013 ஜனவரி முதல் மாதத்துக்கு அரை ரூபாய் வீதம் ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் முற்றிலும் விடுவிக்கப்பட்டது. மானியத்தின் சுமையைப் பொக்கிஷம் என்றென்றைக்கும் தாங்க முடியாது என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் உலகச் சந்தையில் ஏறினால் இங்கே ஏறும் என்ற ஒப்பந்தத்தில், அங்கே இறங்கினால் இங்கும் இறங்கும் என்ற மறுபாதியும் அடக்கம் அல்லவா? 2013-14இல் பீப்பாய் ஒன்றுக்குச் சராசரி 105 டாலராக இருந்த இந்தியக் கச்சா எண்ணெய் விலை 2015-16இல் 46 டாலருக்குச் சரிந்தபோது, 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் கலால் வரி ஒன்பது தடவை உயர்த்தப்பட்டு, லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த வரி 17 ரூபாய் 33 காசாயிற்று. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் 20 டாலர் அளவுக்கு வீழ்ந்து கிடந்த சமயத்தில், அடுத்த மாதமே டீசல் மீது ஒரே மூச்சில் 13 ரூபாய் கலால் ஏற்றப்பட்டது. சந்தையின் வீழ்ச்சி அந்த வரிக்குள் கரைந்துபோயிற்றே தவிர, பங்கில் ஒரு காசும் குறையவில்லை. பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். குறைத்த பிறகும் எஞ்சிய கலால் 15 ரூபாய் 80 காசு, அதாவது 2014இல் இருந்ததைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது என்பதும், கொள்ளைநோய்க் காலத்தில் சர்க்காருக்கு வேறு வருமானம் வறண்டுபோயிற்று என்பதும் ஏற்கத்தக்கவை. முந்தைய ஆட்சி வெளியிட்ட எண்ணெய்ப் பத்திரங்களின் கடனை அடைக்கவே வரி என்ற காரணம் மட்டும் கணக்குக்கு முன் நிற்காது. அந்தப் பத்திரங்களின் அசல் சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். 2020-21 என்ற ஓர் ஆண்டில் மட்டும் பெட்ரோல், டீசல் மீது வசூலான கலால் 3.35 லட்சம் கோடி ரூபாய் என்று பாராளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது.

மாநில சர்க்காரின் குறையிலும் நியாயம் உண்டு. மேலே சொன்ன 15 ரூபாய் 80 காசில் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளப்பட்ட அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 80 காசுதான். மீதி 14 ரூபாயும் செஸ் என்றும் விசேஷ வரி என்றும் பெயர் சூட்டப்பட்டு, பங்கீட்டுக்கு வராமல் டில்லியிலேயே தங்கிவிட்டது. எனினும் நம் மாநிலம் 2017 மார்ச்சில் டீசல் மீதான வாட் வரியை 21.43 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியதையும், 2020 மே முதல் 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்று வசூலிப்பதையும் டில்லி செய்ததாகச் சொல்ல முடியாது. 2022 மே மாத வரிக்குறைப்புக்குப் பின் சென்னையில் 94 ரூபாய் 24 காசுக்கு விற்ற டீசல் பெங்களூரில் 87 ரூபாய் 89 காசுக்கு விற்றது. வடக்கே போகிற நம் வண்டிகள் ஓசூரைத் தாண்டும் வரைக்கும் அளவாகப் போட்டுக்கொண்டு, அத்திப்பள்ளிக்கு அப்பால் டாங்க்கை நிரப்பியதற்கு வேறென்ன காரணம்? நானூறு லிட்டருக்கு 2,540 ரூபாய் மிச்சம். பின்னர் கர்நாடகமும் 2024, 2025 ஆண்டுகளில் வரியை உயர்த்தி அந்த இடைவெளியைப் பெரும்பாலும் மூடிவிட்டது என்பது வேறு கதை.

எண்ணெய்க் கம்பெனிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2022-23இன் முதல் காலாண்டில் மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளும் சேர்ந்து 18,000 கோடிக்கு மேல் நஷ்டப்பட்டதும், 2023-24இல் 80,000 கோடிக்கு மேல் லாபம் ஈட்டியதும், அந்த லாபத்துக்கு இடையே பாராளுமன்றத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்ததும், அவற்றின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டப் போதும். ஆகவே பிரதான பொறுப்பு மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. அடுத்தது மாநில சர்க்காருடையது. உலகச் சந்தையும் கம்பெனிகளும் அதற்குப் பிறகே.

டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் எல்லாம் தீரும் என்பது நம்மவர்களிடையே பரவலாக உள்ள அபிப்பிராயம். அரசியலமைப்பின் 279ஏ ஷரத்தில் அதற்கு வழி இருந்தும், 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில் இது தக்க தருணமல்ல என்று ஒதுக்கிவைத்தது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் 5 சதவீத முறையில் இருக்கிற லாரித் தொழிலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கோருவது நல்லது. அந்த விதியும் கூடவே மாறாவிட்டால் அந்த வரவு நம் கைக்கு எட்டாது.

சர்க்கார்கள் வரியைக் குறைக்கும் வரை நம் கையில் இருக்கிற ஒரு காரியத்தைச் செய்யலாம். நாமக்கல் டாங்கர்களை வாடகைக்கு அமர்த்துகிற எண்ணெய்க் கம்பெனிகளே தங்கள் ஒப்பந்தங்களில் டீசல் விலைக்கு ஏற்ப வாடகை கூடவும் குறையவும் இடம் வைத்திருக்கின்றன. டீசலை விற்கிறவர்களுக்கே நியாயமாகத் தோன்றுகிற அந்த நிபந்தனை, சிமெண்டுக்கும் இரும்புக்கும் ஜவுளிக்கும் லோடு பேசுகிற நம்மில் பெரும்பாலோரின் வாய்மொழிப் பேச்சில் இல்லை. ரிட்டர்ன் லோடுக்காகக் காத்துக் கிடக்கிற அவசரத்தில் ஒருவர் கேட்ட வாடகையை மற்றவர் குறைத்துக்கொண்டு, டீசல் ஏற்றத்தைச் சரக்கு அனுப்புகிறவருக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறோம். இனி ஒவ்வொரு லாரி ரசீதிலும் (எல்.ஆர்.) அன்றைய டீசல் விலையைக் குறித்து, அதற்கு மேல் ஏறினால் வாடகை இன்ன அளவு கூடும், இறங்கினால் இன்ன அளவு குறையும் என்று எழுதி இரு தரப்பும் கையொப்பம் இடுவதை உரிமையாளர் ஒவ்வொருவரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுமென்றும், வட்டார சங்கங்கள் இதற்கான மாதிரிப் படிவத்தை அடுத்த பொதுக்குழுவிலேயே நிறைவேற்ற வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.