பழைய தாருக்கு எந்த எண்ணெய்?

கோடை வந்தால் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் எங்கும் செம்மஞ்சள் கூம்புகள்தான். சுரண்டி லொறியில் ஏற்றும் பழைய தார் வீதி பெரும்பாலும் குப்பைக்குப் போவதில்லை. புதுக் கலவையில் திரும்பச் சேர்கிறது. வரிகட்டும் எங்களுக்கு அது நல்ல செய்திதான். வீதிக் கலவையில் 95 சதவீதமளவு கல்லும் மணலும். மிச்சம் 5 சதவீதந்தான் தார். சிக்கல் முழுக்க அந்த ஐந்தில்தான் இருக்கு.

வருஷக்கணக்காகக் காற்றும் வெயிலும் பட்ட தார் இறுகிப்போகும். அப்படியே திரும்பப் போட்டால், மைனஸ் 20 பாகைக் குளிரில் வளைந்து கொடுக்காது, வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி உறைந்தால் குழி. குழிக்குள் எங்கட ரயர்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் சில எண்ணெய்களைச் சேர்க்கிறார்கள். கடதாசி ஆலைகளில் பைன் மரத்திலிருந்து கிடைப்பது, சோயாவிலிருந்து வருவது, பெற்றோலியத்திலிருந்து பிரிப்பது எனப் பலவகை. நல்ல சேர்மானம் இறுகிய பகுதியைத் தன்னோடு கலந்து வைத்திருக்கும். மோசமானது கொஞ்ச நாளைக்கு மெதுமையாக்கும், அவ்வளவுதான். நேற்றைய ரொட்டிக்குத் தண்ணீர் தெளித்துச் சூடாக்குவது போல. ஆறினால் முந்தியதைவிட மோசம்.

ஒன்ராறியோ இதை ஏற்கெனவே பட்டறிந்த மாகாணம். 15 வருஷம் நிற்கவேண்டிய நெடுஞ்சாலைகள் சில மூன்று வருஷத்துக்குள்ளேயே வெடித்ததை 2016இல் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வெளியே கொண்டுவந்தது. ஐந்து வேலைகளுக்கு 143 மில்லியன் டொலர் கொடுத்து, திருத்த இன்னொரு 23 மில்லியன். தாரை மலிவாக்கப் பாவித்த எஞ்சின் ஒயில் கலந்ததும் ஒரு காரணம். அது பழைய தாரைப் புதுப்பிக்கச் சேர்த்ததல்ல என்பது உண்மை. ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு மெதுவாக இருக்கிற தார் ஐந்தாவது குளிர்காலத்தில் எப்படி இருக்கும்?

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. வழமையான சோதனையில் தாரை ஒரு மணித்தியாலம் குளிரில் வைத்துப் பார்ப்பார்கள். கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைமன் ஹெஸ்ப் குழு உருவாக்கிய முறையில் மூன்று நாள். அப்போதுதான் மலிவுச் சரக்கின் வண்டவாளம் தெரியவரும். தொழிற்துறையின் வேண்டுகோளுக்காக அமைச்சு புதிய சோதனைகளைத் தள்ளிப்போட்டதென்றும் அதே அறிக்கை சொன்னது. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

பழைய தாரே வேண்டாம் என்று நகரசபைகள் கதவைச் சாத்துவதும் சரியில்லை. நல்ல கல்லும் தாரும் வீணாகும். அடுத்தமுறை உங்கள் தொகுதிக் கவுன்சிலர் வாசலுக்கு வந்தால் கேளுங்கோ: எங்கட வீதியில் போடும் பழைய தாருக்கு எந்த எண்ணெய் சேர்க்கிறீர்கள், அதை எத்தனை நாள் குளிரில் வைத்துச் சோதித்தீர்கள், வெடித்தால் திருத்தும் செலவு ஒப்பந்தக்காரருக்கா, எங்களுக்கா?