பல்லு உடம்புல சேர்த்தியா?

கண்புரைக்குக் காப்பீடு உண்டு. மூட்டு மாற்றுக்கு உண்டு. பல்லுக்குக் கிடையாது. விபத்தில் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அது மருத்துவம், தானாகச் சொத்தையானால் உங்க பாடு. நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. என் தொழிலில் ‘அவுட் ஆஃப் ஸ்கோப்’ என்று ஒரு சொல் புழங்கும். செய்ய மனமில்லாத வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

எனக்குக் கீழ்த்தாடையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடையாது. பொறியியல் கடைசி வருஷத்தில் போனவை. ரூட் கேனால் செய்து கேப் போட ஒரு பல்லுக்கு 6,000 ரூபாய் கேட்டார்கள். பிடுங்க 300. கல்விக்கடனில் படிக்கிறவன் வீட்டில் எது நடந்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா? இப்போது இரண்டு இம்ப்ளான்டுக்கு 70,000 என்கிறார்கள். வாடகை, அப்பாவின் டயாலிசிஸ் எல்லாம் போக அந்தப் பணம் என்னிடம் இல்லை. ‘ஐ.டி.க்காரன்தானே, ஈ.எம்.ஐ. போட்டுக்கோ’ என்கிறார்கள். ஐ.டி.க்காரனுக்கே ஈ.எம்.ஐ. என்றால் சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா எதைப் போடுவார்?

1965இல் ஸ்வீடனில் பிரேனெமார்க் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானியத் திருகுகளை வைத்தார். நாற்பது வருஷம் தாங்கின. அறுபது வருஷப் பழைய தொழில்நுட்பம், இன்னும் நகைக்கடைச் சாமான் மாதிரிதான் விற்கிறது.

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். அது முன்பல்லின் கதை. கடைவாய்ப் பல் போனால் சொல் போகாது, சோறுதான் போகும். முறுக்கு, கொய்யா, கரும்பு, நல்லி எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து நழுவும். சிரித்தால் வெளியே தெரியாது என்பதால் யாருக்கும் இது ஒரு குறையாகவே படுவதில்லை. ஆனால் வாய்க்குள் வேலை நடந்துகொண்டேயிருக்கிறது. எதிரே தடுக்க ஆளில்லாத மேல்பல் கீழே இறங்கும். பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாயும். மெல்லும் அழுத்தம் கிடைக்காத தாடையெலும்பு கரையும். அது ரொம்பக் கரைந்துவிட்டால், இம்ப்ளான்ட் வைக்கும் முன் எலும்பு சேர்க்கத் தனிச்செலவு. காசில்லாமல் காத்திருப்பதற்கும் வட்டி கட்ட வேண்டும்.

இதற்கு நடுவே உபதேசம் வேறு: ‘ஒழுங்கா பல் தேய்ச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?’ மாரடைப்பில் வந்தவரிடம் ‘பரோட்டா தின்னியா’ என்று விசாரித்துவிட்டு ஸ்டென்ட் வைக்க மறுக்கிறோமா? பல் நோயை மட்டும் ஏன் ஒழுக்கக்கேடாகப் பார்க்கிறோம்?

அரசு பல் மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் பிடுங்க ஒரே நாள் போதும். ரூட் கேனாலுக்கு மூன்று நான்கு தடவை போகணும். தினக்கூலிக்காரருக்கு அத்தனை நாள் கூலிதான் கட்டணம். அதனால்தான் காப்பாற்றக்கூடிய பற்களும் வாளிக்குப் போகின்றன.

எல்லாருக்கும் இலவச இம்ப்ளான்ட் நடக்கிற காரியமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஜப்பானில் 1989இல் ‘8020’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள்: 80 வயதில் 20 சொந்தப் பற்கள். அங்கேயும் பொதுக் காப்பீடு சாதாரணமாக இம்ப்ளான்டுக்குப் பணம் தராது. ஆனால் ரூட் கேனால், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் அதில் அடங்கும். நான் கேட்பதும் அவ்வளவுதான். பிடுங்குவது மட்டுமே மலிவாக இருக்கும் நிலை மாறணும். பல்லைக் காப்பாற்றுவதும் அதே அளவு எளிதாகணும்.

அடுத்த முறை ஆபீஸில் பாலிசி புதுப்பிக்கும் மெயில் வரும். ஜிம் தள்ளுபடி, யோகா வகுப்பு என்று நிறைய இருக்கும். அதற்குப் பதில் எழுதுங்கள்: இதெல்லாம் இருக்கட்டும், பல்லைச் சேர்த்தீர்களா?