வண்டிக்கும் ஒரு மூடாக்கு

மண்ணை வெயிலில் காயவிடாதீர்கள், மூடி வையுங்கள் என்று நாம் பேசாத கூட்டம் கிடையாது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் மூடாக்கும் ஒன்று. சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, கொள்ளு, தட்டைப்பயறு என்று கைக்குக் கிடைத்ததை வைத்து மண்ணை மூடுகிறோம். ஆனால் அந்த மண்ணில் விளைந்த கீரையையும் தக்காளியையும் விதைநெல்லையும் வண்டியில் ஏற்றும்போது மட்டும் மூடாக்கு நமக்கு மறந்துபோகிறது. திறந்த குட்டி யானையில் அடுக்கி, முப்பது நாற்பது கிலோமீட்டர் வெயிலிலும் காற்றிலும் புழுதியிலும் ஓட்டிக்கொண்டு போகிறோம். மழை வந்தால் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறோம். அந்தத் தார்ப்பாயும் தேவைப்படுகிற அன்றைக்குக் களத்துமேட்டிலேயே கிடக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை விளைபொருள் ஏற்றுகிற திறந்த வண்டி ஒவ்வொன்றுக்கும், ஒரே ஆள் நின்ற இடத்தில் இழுத்து மூடவும், மறுபடி மடக்கித் திறக்கவும் தோதான மூடி வேண்டும். அதை வண்டிக்காரர் பாடு என்று விட்டுவிடக் கூடாது. உழவர் குழுக்கள் தங்கள் வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும்.

"இது என்னங்க, பஞ்சகவ்யம், பாரம்பரிய விதைன்னு பேசவேண்டிய இடத்துல வண்டி மூடியைப் பத்திப் பேசறீங்க?" என்று சிலர் கேட்கலாம். ஆறு மாதப் பாடு அரை மணி நேரத்தில் போகிற இடம் அந்த வண்டித் தொட்டிதான். அதனால்தான் பேசுகிறேன்.

வழியில் என்ன நடக்கிறது

பறித்த காய் செத்த பொருள் அல்ல. பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டிலிருந்து மூன்று மடங்கு ஆகிறது. அந்த அளவுக்கு அதன் ஆயுள் குறைகிறது. சித்திரை வெயிலில் திறந்த தொட்டியின் மேலடுக்கில் இருக்கும் கத்தரிக்காயைத் தொட்டுப் பாருங்கள், சூடு கையில் தெரியும்.

வெயிலைப் போலவே காற்றும் கெடுதல் செய்கிறது. ஈரத்துணி காயவேண்டும் என்றால் காற்றடிக்கிற இடத்தில்தானே கொடி கட்டுகிறோம்? மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற திறந்த வண்டியில் கீரைக்கட்டை வைப்பதும் அதே வேலைதான். தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர் போனாலே கீரை வாடித் தெரியும். வாழை இலை கிழிகிறது, கொத்தமல்லி துவள்கிறது. ஈரச்சாக்கு போர்த்தினால் கொஞ்சம் தாங்கும். ஆனால் சாக்கே வழியில் காய்ந்துவிடுகிறது.

கடையில் விற்கும் பழங்கள் சிலவற்றுக்கு மெழுகுப் பூச்சு உண்டு, பூஞ்சைக்கொல்லியில் முக்கி எடுப்பதும் உண்டு. நம்மிடம் அதெல்லாம் கிடையாது, வேண்டவும் வேண்டாம். அப்படியென்றால் நிழலும் மிதமான காற்றோட்டமும் மட்டும்தான் நம் பொருளுக்குப் பாதுகாப்பு. அதையும் கொடுக்காவிட்டால் எப்படி?

இதனால் போவது எடை மட்டும் இல்லை. சந்தையில் வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "ஆர்கானிக்னா இப்படித்தாங்க, கொஞ்சம் வாடித்தான் இருக்கும்." நம் மேல் பிரியம் வைத்துதான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அது சுருக்கென்று குத்தும். விடியற்காலை பறித்தபோது அந்தக் கீரை எப்படி இருந்தது என்று பறித்தவருக்குத் தெரியும். வாடவைத்தது இயற்கை வேளாண்மை இல்லை, திறந்த வண்டி. ஆனால் கெட்ட பெயர் வந்து சேர்வது இயற்கை வேளாண்மைக்கு. விலை கூடக் கேட்கிற நாம் வாடிய பொருளை நீட்டினால், இரண்டு முறை வாங்குவார்கள், மூன்றாவது முறை வரமாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நடைக்கு 400 கிலோ காய் ஏற்றுகிறீர்கள், அதில் நூற்றுக்கு ஐந்து கழிவு என்று வைத்துக்கொள்வோம். அது 20 கிலோ. வாரம் இரண்டு நடை என்றால் ஆண்டுக்கு 2,080 கிலோ. உங்கள் அளவுகளை வைத்து, கிலோவுக்கு உங்களுக்குக் கிடைக்கிற விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூடி செலவா வரவா என்று அப்போது தெரியும்.

மழையில் விதை

காய்கறியாவது அன்றைய நட்டத்தோடு முடிந்தது. விதைநெல் அப்படி இல்லை. விதைச் சான்று வரையறைப்படி சாதாரணச் சாக்கில் வைக்கும் நெல் விதையின் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, முளைப்புத் திறன் 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. சணல் சாக்கு மழைநீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். நனைந்த மூட்டையைப் பிரித்து உடனே காயப்போடாவிட்டால் உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்து, முளைப்பு போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் காயப்போட வெயிலுக்கு எங்கே போவது? மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் தேடிப்பிடித்துப் பெருக்கியவர்கள், விதைத் திருவிழாவுக்குக் கொண்டுபோகிற வழியில் அதை நனையவிடலாமா? நம்மிடம் வாங்கிப்போகிற உழவருக்கு ஒரு பருவமே போய்விடும்.

விற்பனை நெல்லுக்கும் இதே கதிதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. களத்தில் பாடுபட்டுக் காயவைத்து, போகிற வழியில் ஒரு மழையில் அதைத் தொலைத்தால், அதற்குமேல் பேரம் பேச நம்மிடம் ஒன்றும் இருக்காது. நாட்டுச் சர்க்கரை, பருப்பு, சின்ன வெங்காயம் எல்லாம் இதே கணக்குதான்.

கட்டுகிற தார்ப்பாய் ஏன் போதாது

தார்ப்பாய் இருக்கிறதே, அது போதாதா என்றால், போதாது. பெரிய காரணம் நேரம். ஏற்றிய வண்டி மேல் தார்ப்பாயை விரித்து, நாலு பக்கமும் கொக்கியில் கயிறு போட்டு இறுக்க இரண்டு ஆள் வேண்டும், கால் மணி நேரம் ஆகும். கோடைமழை அவ்வளவு நேரம் கொடுக்குமா? ஓட்டுநர் தனியாளாக இருப்பார். "அண்ணே, தூறல்தான், போயிடலாம்" என்பார். அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. தனியாளாகச் செய்ய முடியாத வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறோம்.

அடுத்தது புழுக்கம். சரக்கின் மேலேயே படிகிற பாய் காற்றை அடைக்கிறது. உள்ளே காய் விடுகிற மூச்சின் ஈரம் பாயில் வியர்த்து, மறுபடி காயின் மேலேயே சொட்டுகிறது. வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் அது மழையில் நனைவது மாதிரிதான். பாயின் பாரமும் கயிற்றின் இறுக்கமும் மேலடுக்கை நசுக்குவது தனி.

அப்படியானால் மூடிய பெட்டி வண்டி வாங்கலாமே என்பார்கள். குளிரூட்டாத தகரப் பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். அதோடு காலையில் காய் ஏற்றிப்போகிற அதே வண்டிதான் திரும்பும்போது வேப்பம் புண்ணாக்கும் வைக்கோலும் எருவும் ஏற்றி வருகிறது. எருவை வாரிப் போடவும் இறக்கவும் தொட்டி திறந்திருக்க வேண்டும். காலையில் மூடவும் மாலையில் திறக்கவும் ஆகிற வண்டிதான் உழவனுக்குத் தோது.

எப்படி இருக்க வேண்டும்

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளுக்கு, கடை ஷட்டர் மாதிரி அலுமினியப் பட்டைகளால் ஆன மூடி விற்கிறார்கள். இழுத்தால் மூடும், விட்டால் ஒரு பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தொட்டியின் பக்கச்சுவர் மட்டத்தில் தட்டையாக மூடுவது. நாம் கிரேட்டுகளைப் பக்கச்சுவருக்கு மேலே இரண்டு மூன்று அடுக்கு அடுக்குகிறவர்கள். நமக்கு அது ஆகாது.

நமக்கு ஏற்றது நம் கூண்டு வண்டிதான். மூங்கில் வளைவு கட்டி, மேலே பாய் போர்த்திய மாட்டு வண்டியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வளைவுகள் முன்னும் பின்னும் நகர்ந்தால் எப்படியோ அதுதான் நான் சொல்லும் மடக்கு மூடி. எங்கள் குழு வண்டிக்கு உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்தது மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. குட்டி யானையின் தொட்டி நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் மேலே, அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஆறு இரும்புக்குழாய் வளைவுகள். இருபக்கச் சுவர் மேலும் ஒரு தண்டவாளப் பட்டை, அதில் ஓடுகிற சின்ன உருளைகள். வளைவுகளோடு சேர்த்துத் தைத்த துணி. பின்னாலிருந்து தள்ளினால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து ஓட்டுநர் அறைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆள், ஒரு நிமிடம், அவ்வளவுதான்.

செய்யச் சொல்லும்போது சிலவற்றைக் கவனியுங்கள். துணிக்கும் மேலடுக்குக்கும் நடுவில் ஒரு அடியாவது இடைவெளி வேண்டும். முன்னும் பின்னும் மேல்பகுதியில் வலை வைத்த காற்றுவழி வேண்டும், அதன்மேல் மழைத்துளி நுழையாத மடிப்பு வேண்டும். துணியின் வெளிப்புறம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். கறுப்பும் அடர்நீலமும் சூட்டை இழுக்கும். துணி தளர்ந்திருந்தால் காற்றில் படபடத்தே கிழியும், எனவே ஓரத்தில் ரப்பர் கொக்கி போட்டு இறுக்குங்கள். சட்டகம் தொட்டியின் நீள அகலத்துக்கு வெளியே நீளக் கூடாது. போல்ட்டு கழற்றினால் தனியே எடுக்க வரவேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்தை மாற்றுகிற அளவுக்கு வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுக்கிறது. பற்றவைப்பதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதுவும் பிளாஸ்டிக்தானே?

நம் இயக்கத்துக்குள் இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். நிலப்போர்வைக்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம் என்கிற நாம் வண்டிக்கு மட்டும் ஒப்பலாமா? முடிந்தவர்கள் மெழுகேற்றிய பருத்திக் கான்வாஸ் போடுங்கள். கொஞ்சம் மூச்சு விடும், கிழிந்தால் தைக்கலாம். ஆனால் கனம், ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கிப்போகும். அது முடியாதபோது தடித்த பூச்சுத் துணி ஒன்றை வாங்கிப் பல ஆண்டு பாதுகாப்பதுதான் மேல். மெல்லிய நீலப் பாய் ஒரு வெயிலுக்கே நார் நாராக உதிர்ந்து, அந்தத் துணுக்கெல்லாம் நம் களத்திலும் வயலிலும்தான் விழுகிறது. வருடத்துக்கு ஒரு பாய் வாங்கிக் கிழிப்பவர்கள் பிளாஸ்டிக்கைத் தவிர்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போக்குவரத்தில் அங்ககப் பொருள் மற்றதோடு கலக்கக் கூடாது, தடைசெய்த பொருள் எதுவும் அதில் படக் கூடாது என்பது சான்றளிப்பு விதி. வாடகை வண்டியில் நேற்று யூரியா மூட்டையோ பூச்சிக்கொல்லிப் பெட்டியோ போயிருக்கலாம். மேலே மூடி போட்டுக் கீழே தொட்டியைக் கழுவாவிட்டால் என்ன பயன்? எரு ஏற்றிய தொட்டியும் அப்படித்தான். கழுவி, வெயிலில் காயவிட்டு, சுத்தமான பாய் விரித்த பிறகுதான் கீரை ஏறவேண்டும்.

யார் போடுவது?

சொந்த வண்டி இல்லாத சிறு உழவர்கள்தான் நம்மில் அதிகம். அவரிடம் போய் மூடி போடு என்பது நியாயமில்லை. அதனால்தான் இது குழு வேலை என்கிறேன். ஒரே தடத்தில் சந்தைக்குப் போகிற பத்துப் பேர், வழக்கமாக வருகிற ஒரு வாடகை வண்டிக்காரரோடு பேசுங்கள். மூடி குழுவின் சொத்து, வண்டி அவருடையது. வாரத்தில் இன்ன நாள் நம் நடை, ஏற்றுமுன் தொட்டி கழுவித் தரவேண்டும், மற்ற நாளில் மூடியை அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். இப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இருவருக்கும் நல்லது. பங்கேற்பு உத்தரவாத முறையில் இருக்கும் உள்ளூர்க் குழுக்கள், சக உழவர் தோட்டத்தைப் பார்வையிடும்போது "எந்த வண்டியில் போகிறது, மூடி இருக்கிறதா, தொட்டி யார் கழுவுகிறார்" என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

அரசிடமும் கேட்கலாம். களத்தில் விரிக்கத் தார்ப்பாய்க்கு மானியம் கொடுக்கிறவர்கள், உழவர் குழுக்களின் வண்டி மூடிக்கும் கொடுக்கட்டும். மணலும் ஜல்லியும் மூடாமல் போனால் லாரியைப் பிடித்து அபராதம் போடுகிற சாலையில், மனிதர் தின்கிற சோறும் காயும் திறந்து கிடந்து போகின்றன. அதை யாரும் கேட்பதில்லை. அபராதம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது ஏழை உழவன் தலையில்தான் விழும். மூடி போட உதவுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் உங்கள் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். வண்டித் தொட்டியை அளந்து, அடுக்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூட்டத்துக்கே அழைத்து விலை கேளுங்கள். செய்து பார்த்த குழுக்கள், எது தாங்கியது எது கிழிந்தது என்று இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்து செய்கிறவருக்கு உதவும்.