கையும் காலும் டயர் இல்ல மக்களே: ஒரு த்ரெட்

1/ மீன்பிடித் துறைமுகம், போட் ஹவுஸ், சுற்றுலாப் படகுத்துறைன்னு எங்க போனாலும் இதப் பாக்கலாம். படகு ஜெட்டிய நெருங்கும். முன்னாடி நிக்கிற ஆள் கையையோ காலையோ நீட்டி, சுவர்ல மோதாம தள்ளி நிறுத்துவார். பாக்கறவங்களுக்கு அது திறமை. கேஷுவல்ட்டில டியூட்டி பாக்கற எனக்கு வயித்தக் கலக்கும்.

2/ பள்ளிக்கூட இயற்பியல்தான். 10 டன் எடையுள்ள படகு, நொடிக்கு அரை மீட்டர் வேகத்துல வருதுன்னு வைங்க. மணிக்கு வெறும் 1.8 கி.மீ. நாம நடக்கிறதுல பாதி வேகம்கூட இல்ல. ஆனா அதோட இயக்க ஆற்றல் 1,250 ஜூல்.

3/ அந்தப் படகு 1 செ.மீ. தூரத்துக்குள்ள நிக்கணும்னா, சராசரி விசை 12 டன் எடைக்கும் மேல. நடுவுல ஒரு டயர் இருந்து அது 10 செ.மீ. அமுங்கினா, விசை பத்துல ஒரு பங்காக் குறையும். அதுவே 1 டன்னுக்கு மேலதான். டயர் தாங்கும். உங்க விரல் தாங்குமா?

4/ தாங்காம என்ன ஆகும்? எலும்பு நொறுங்கும். கையுறைய உருவற மாதிரி தோல் உரிஞ்சு வரும், மோதிரம் மாட்டிக்கிட்டா இன்னும் மோசம். வெளிய காயம் சின்னதாத் தெரிஞ்சாலும், உள்ள வீங்கி ரத்த ஓட்டம் நின்னு போகலாம். கத்தி வெட்டுன விரல ஒட்டவைக்கிற வாய்ப்பு, நசுங்குன விரலுக்கு ரொம்பக் கம்மி.

5/ இதுக்கு நாம வச்சிருக்கற பேரு "கவனக்குறைவு". யாரோட கவனக்குறைவு? கைய விட்டவரோடதாம்! டயர் தொங்கவிடாத முதலாளி, வேகத்தக் குறைக்காம உள்ள வந்த டிரைவர், "புடிச்சு தள்ளுடா"ன்னு கத்துனவர், இவங்க பேரெல்லாம் எந்தப் பேச்சுலயும் வராது.

6/ "டயர் இருக்கே டாக்டர்"னு சொல்வாங்க. இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருக்கும். இல்லன்னா ஜெட்டி ஒரு உயரத்துல, டயர் வேற உயரத்துல. படகோட அகலமான பகுதி மோதுற இடத்துல, ரெண்டு பக்கமும், துறைமுகத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே தொங்கணும். மோதப் போறப்ப டயரத் தேடறவன் கைலதான் அடிபடும்.

7/ டயர்ல அடியில ஒரு ஓட்டை போடுங்க. தண்ணி தேங்கி கனமாகாது, கயிறும் சீக்கிரம் அறாது. டெங்கு கொசுவும் முட்டை போடாது. (அரசு டாக்டர், இதச் சொல்லாம இருக்க முடியாது!)

8/ காசிமேடு மாதிரி நெரிசலான துறைமுகத்துல ஒரு படகோட இன்னொரு படகுன்னு வரிசையாக் கட்டுவாங்க. அங்க மரியாதை ஒண்ணுதான்: பின்னாடி வர்றவர் தன் டயரப் போட்டுட்டு, மெதுவா வரணும். "அவன் படகுல இருக்குல்ல"ங்கிற பேச்சே கூடாது. ரெண்டு படகுக்கு நடுவுல நிக்கிறதும் ஒரு மனுஷனோட கால்தான்.

9/ சுற்றுலாப் பயணிகளே, கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. எல்லாரும் ஒரே பக்கம் எழுந்தா படகு சாயும், இடைவெளி திறக்கும், மூடும். குழந்தையோட கை விளிம்புக்கு வெளிய இருக்கான்னு பாருங்க. ஊழியர் உங்களையே "கைய வச்சு தள்ளுங்க"ன்னு சொன்னா, முடியாதுன்னு சொல்லுங்க.

10/ "கடலப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. கடல் உங்களுக்குத்தான் தெரியும். உங்க திறமையில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நூறு தடவை சரியாத் தள்ளுன கைக்கும், நூத்தி ஒண்ணாவது தடவை வர்ற அலைக்கும் சம்பந்தம் கிடையாது.

11/ 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரலுக்குக் கணக்கு எழுதி வச்சிருந்துச்சு. கட்டைவிரல் போனா 30% சம்பாதிக்கிற திறன் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுசாப் போனா 14%. வலை இழுக்கறவருக்கும் கயிறு முடியறவருக்கும் நிஜ இழப்பு அதோட நிக்குமா? இதுக்கு எதிர்ப்பக்கத்துல இருக்கறது ஒரு பழைய லாரி டயர்.

12/ அப்படியும் அடிபட்டுட்டா: மோதிரத்த உடனே கழட்டுங்க. சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, கையத் தூக்கி வைங்க. விரல் துண்டாயிருந்தா ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் பைல போட்டுக் கட்டி, அந்தப் பைய ஐஸ் தண்ணில வைங்க. நேரா ஐஸ்ல வேணாம். மஞ்சள், காப்பித்தூள், டீசல் எதுவும் கூடாது. 108-க்குக் கூப்பிடுங்க.

13/ லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏத்தினா இப்ப ஜனங்க சண்டை போடறாங்க. நல்லது. அதே கேள்விய டயருக்கும் கேளுங்க. ஃபெண்டர் இல்லாத படகுக்கு ஜெட்டில இடம் கிடையாதுன்னு ஒவ்வொரு படகுத்துறையும் ஒவ்வொரு சங்கமும் முடிவெடுக்கட்டும். இதுக்குப் புதுச் சட்டம் வேணாம், பட்ஜெட்டும் வேணாம்.

உங்க ஊர்ல படகு வச்சிருக்கறவங்களுக்கு இத அனுப்புங்க.