பாவாடை நாடா: ஒரு காமர்ஸ் மாணவியின் புலம்பல்

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் :-) "உனக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையா?" என்று என் வகுப்பிலேயே நாலு பேர் கேட்கப் போகிறார்கள். கிடைத்தது. ஆனால் பட்ஜெட்டைப் பற்றி எழுத நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாவாடை நாடாவைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

எங்கள் அம்மாவின் இடுப்பில், இடது பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அதை மச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் அத்தைக்கும் இருக்கிறது. பெரியம்மாவுக்கும் இருக்கிறது, ஆனால் வலது பக்கம். ஏனென்றால் பெரியம்மா முடிச்சு போடுவது வலது பக்கம்! பெரியம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறவர். காலை முதல் சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்தே வேலை. உட்கார்ந்தால் வயிறு அழுந்தும், நாடா இன்னும் இறுகும். எங்கள் மேல்பட்டாம்பாக்கத்துச் சித்திரை வெயிலில் அந்த இடம் வேர்த்து, அரித்து, தோல் உரிந்து புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், பவுடர் போடுவார்கள். மறுநாள் அதே இடத்தில் அதே முடிச்சு.

"இதுல என்னாடி இருக்கு? பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்பது அம்மாவின் பதில். நானும் அப்படியே விட்டிருப்பேன். 2024 நவம்பரில் வந்த ஒரு செய்தி விடவில்லை.

பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில், மகாராஷ்டிராவின் வர்தாவையும் பீகாரின் மதுபனியையும் சேர்ந்த மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு வயது 70. இடுப்பின் வலது பக்கம் ஒன்றரை வருஷமாக ஆறாத புண். பரிசோதித்தால் தோல் புற்றுநோய். சேலைக்குள் பாவாடையை இறுக்கிக் கட்டி வந்தவர். இன்னொருவர் பாவாடையே கட்டாதவர். லுக்டா என்கிற நீளமான சேலையை நேராக இடுப்பில் இறுக்கி முடிந்து நாற்பது வருஷம் உடுத்தியவர். அவருக்கும் அதே. நாள்பட்ட புண்ணிலோ தழும்பிலோ புற்று வந்தால் அதற்கு மார்ஜோலின் புண் என்று பெயராம்.

இது புதுக் கதையும் இல்லை. 1945லேயே மும்பையின் கனோல்கரும் சூர்யாபாயும் வேட்டி கட்டும் ஆண்களுக்கு இடுப்பில் வந்த புற்றுநோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 'வேட்டிப் புற்றுநோய்' என்றே அதற்குப் பெயர். 'சேலைப் புற்றுநோய்' அதற்குப் பின்னால் வந்த தங்கை.

பயப்படாதீர்கள். இது அபூர்வத்திலும் அபூர்வம். கோடிக்கணக்கான பெண்கள் நாடா கட்டுகிறார்கள், மருத்துவ இதழ்களில் ஏறியவர்கள் மிகச் சிலர். ஆனால் புற்று வராவிட்டாலும் தழும்பு வருகிறதே, புண் வருகிறதே? அதை ஏன் "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்ற கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம்? மருத்துவர்கள் சொன்ன யோசனை, தளர்வாகக் கட்டுங்கள் என்பது. சேலை கட்டுகிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். தளர்வாகக் கட்டினால் கொசுவம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் கையோடு வந்துவிடும். ஆறு கஜத்தையும் தாங்குவது அந்த ஒரு சுற்று நாடாதான்.

அம்மா தெருவில் உள்ளவர்களுக்கு ஜாக்கெட், பாவாடை தைத்துக் கொடுப்பவர். அதனால் வீட்டில் பாவாடைக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். அம்மாவின் தழும்பு இடுப்பைச் சுற்றி ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில்தான் ஆழமாக இருக்கிறது. அது பாவாடையின் திறப்பு வருகிற இடம்!

யோசித்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் நாடா பட்டிக்குள் ஓடுகிறது. தோலுக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு மடிப்புத் துணி இருக்கிறது. திறப்பில் மட்டும் துணி கிடையாது. இரண்டு முனையும் வெளியே வந்து, வெறும் தோலின் மேல் முறுக்கிக்கொண்டு, அதன் மேலேயே முடிச்சும் விழுகிறது. போதாக்குறைக்கு, வாங்கும்போது ஒரு சென்டிமீட்டர் அகலம் தட்டையாக இருக்கும் நாடா நாலு துவைப்பில் சுருண்டு அரை சென்டிமீட்டர் கயிறாகிவிடும். அதே இழுவை நாலு சென்டிமீட்டர் அகலப் பட்டியில் பரவினால் தோலில் படுகிற அழுத்தம் எட்டில் ஒரு பங்கு. இதற்கு இயற்பியல் வேண்டாம், பிளஸ் டூ வணிகக் கணிதம் போதும்.

அப்படியானால் ஏன் யாரும் மாற்றவில்லை? நாடாவைத் திட்டுவதற்கு முன் அதன் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காது. துவைக்கிற கல்லில் எத்தனை அடித்தாலும் உடையாது. இருட்டில் கட்டலாம். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் அதே பாவாடை போதும். அறுந்தால் புதிதாக ஒன்று வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். (ஒரு முனை உள்ளே போய்விட்டால் சேஃப்டி பின்னைக் கோத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி வெளியே எடுக்கிற யோகாசனம் தனி. அந்தக் காரியத்துக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு பழைய டூத் பிரஷ் இருக்கிறது.)

ஆனால் உண்மையான காரணம் கடைக்காரரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாவாடை சேலையின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும். ஒரு நடுத்தரக் கடையில் 40 நிறம் வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நாடா இருப்பதால் இடுப்பளவு எல்லோருக்கும் ஒன்றே, 40 வகைச் சரக்கோடு கடை நடத்தலாம். கொக்கி வைத்தால் இடுப்புக்கு ஐந்து அளவாவது வேண்டும். 40 என்பது 200 ஆகிவிடும். முதல் முடங்கும், அலமாரி போதாது, மாம்பழ மஞ்சளில் 34 விற்றுத் தீர்ந்து 40 தேங்கிக் கிடக்கும். ஆக நாடா என்பது ஒரு கிடங்குச் செலவுச் சிக்கனம். தயாரிப்பாளர் ஏற்க வேண்டிய அளவுச் செலவை, ஒரு கயிற்றின் வழியாக அம்மாவின் இடுப்புக்கு மாற்றிவிட்டார்கள். எந்த லாப நட்டக் கணக்கிலும் அந்தத் தழும்பு வராது.

ஆண்களுக்கு என்ன நடந்தது பாருங்கள். வேட்டி இடுப்பில் நிற்காது என்று பையன்கள் முனகினார்கள். உடனே 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வந்துவிட்டது, செல்போன் வைக்கப் பையோடு! கல்யாணத்தில் மூன்று மணி நேரம் வேட்டி கட்டுகிறவருக்கு வெல்க்ரோ. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் பாவாடை கட்டுகிறவருக்கு அதே பழைய நாடா. வேட்டி வெளியே தெரிகிறது, விளம்பரம் எடுக்கலாம். பாவாடை வெளியே தெரிந்தால் அவமானம். தெரியாத பொருளை யார் மெனக்கெட்டு மேம்படுத்துவார்கள்?

பாடத்திலிருந்து ஒரு சின்னத் திசைதிருப்பல். கம்பெனிச் சட்டத்தில் நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு என்று ஒன்று படிக்கிறோம் அல்லவா? உச்ச நீதிமன்றம், 1981. சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்குவது எது, உரிமைப் பங்கு வெளியீடு எப்போது செல்லும் என்பதற்கெல்லாம் மேற்கோள் காட்டப்படும் வழக்கு. அந்த கம்பெனி நம் நீலகிரியின் கேத்தியில் இருக்கிறது, போனி ஊசி அவர்களுடையதுதான். எதிர்த்தரப்பு ஹோல்டிங் கம்பெனியின் பெயரில் வருகிற 'நியூவி' என்பவர்கள் பர்மிங்காமில் கொக்கியும் வளையமும் செய்து பிழைத்த குடும்பம். கடைசியில் கோர்ட்டு, பங்கு ஒன்றுக்கு 90 ரூபாய் வீதம் 9,495 பங்குகளுக்கு 8,54,550 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தப் பெருக்கலைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த எனக்கு, அந்தச் சின்னக் கொக்கி ஒரு பெரிய தொழில் என்பது உறைக்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். குறை சொன்னால் போதுமா என்று நானே செய்து பார்க்கத் துணிந்தேன்.

ஜிப்பை முதலிலேயே தள்ளிவிட்டேன். ஜட்சன் 1893ல் காப்புரிமை வாங்கிய பொருள் சரியாக வேலை செய்யவே 1913ல் சுண்ட்பேக் வர வேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்ட ஜிப்புக்கும் இடுப்பு கூடினால் குறைந்தால் நெகிழத் தெரியாது. (பள்ளிக்கூடத்தில் என் யூனிஃபார்ம் பாவாடையின் ஜிப் பிரேயர் நேரத்தில் பல்லிளித்தது, அன்று முழுக்கப் புத்தகப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோபமும் உண்டு.) வெல்க்ரோ சேலை நூலைப் பிடித்து இழுத்துவிடும்.

முதல் முயற்சி: அகலப் பட்டி, பேன்ட் கொக்கி, அதற்கு மூன்று இடத்தில் வளையம். அம்மா கட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு இடுப்பு, சாப்பிட்ட பின்னாடி ஒரு இடுப்பு, மூணு ஓட்டை எந்த மூலைக்கு?" என்றார். இரண்டாம் துவைப்பில் கொக்கி கல்லில் அடிபட்டு நசுங்கியது. அடுத்து, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். சேலையின் கனத்துக்கு அது மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அதைக் கட்டிக்கொண்டு போன அம்மா, வழியெல்லாம் ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தாராம். வந்ததும் எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது கிடைத்தது என் பழைய தோள்பையில். ஹெல்மெட் வாரில் இரட்டை வளையம் பார்த்திருப்பீர்கள். வாரை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திருப்பி ஒன்றுக்குள் மட்டும் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். மேல் வளையத்தைத் தூக்கினால் விட்டுவிடும். முடிச்சே கிடையாது, எந்த அளவிலும் நிற்கும். பாவாடையின் பட்டியை நாலு சென்டிமீட்டருக்கு இரட்டைப் பாப்ளினில் தைத்தேன். திறப்புக்குப் பின்னால் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓர் உள்பட்டி, தோல் திறப்பையே பார்க்காதபடி. அதன் மேல் இரண்டு தட்டை வளையமும், ஓரங்குல அகலப் பருத்தி வாரும். பருத்தி முக்கியம், பாலியஸ்டர் வார் வழுக்குகிறது. வளையம் ஜோடி நாலு ரூபாய். வாருக்கும் கூடுதல் துணிக்கும் சேர்த்து ஐந்து ரூபாய். எல்லா இடுப்புக்கும் பொருந்தும், அதனால் கடைக்காரரின் 40 நிறம் 40 நிறமாகவே இருக்கும்.

அம்மாவின் எதிர்ப்பு நான் நினைக்காத பக்கத்திலிருந்து வந்தது. கட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றவர், உடனே தையல்காரராக மாறிவிட்டார். "ஒரு பாவாடைக்கு இவ்ளோ வேலையா? பத்து நிமிஷம் கூட ஆவுதே. இதுக்குக் கூலி எவடி குடுப்பா?" தழும்பு அவருடையது, கூலியும் அவருடையது. இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உள்பட்டியை மட்டுமாவது வைக்கலாம். அது இரண்டு நிமிஷ வேலை, வளையமே வேண்டாம், பழைய நாடாவோடும் சேரும். அந்த ஒரு துண்டுத் துணி இல்லாமல் எந்தக் கடையிலும் பாவாடை வாங்காதீர்கள் என்று தோழிகளை மிரட்டி வருகிறேன். உங்கள் வீட்டில் தைக்கத் தெரிந்தவர் இருந்தால், இருக்கிற பாவாடைகளிலேயே இன்று சாயங்காலம் வைத்துவிடலாம். முடியாவிட்டால் முடிச்சின் இடத்தையாவது தினம் மாற்றச் சொல்லுங்கள். ஆறாத புண் இருந்தால் எண்ணெய் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது அம்மா வீட்டில் வளையப் பாவாடைதான் கட்டுகிறார். சித்திரையிலும் புண் வரவில்லை. தழும்பு அப்படியேதான் இருக்கிறது. பெரியம்மா ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், முந்திரி உடைக்கப் போகும்போது கட்ட. ஆனால் கல்யாணம் காட்சி என்றால் அம்மாவின் கை தானாக நாடாப் பாவாடைக்குப் போகும். "சபையில அவுந்து தொலைச்சா?" முப்பது வருஷம் முடிச்சை நம்பியவர்.

போன வாரம் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். முதல் தடவையாக வளையத்தையே கட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் மெதுவாகக் காதில் சொன்னார், வாரின் மேல் ஒரு சேஃப்டி பின்னும் குத்தியிருக்கிறாராம். அந்தப் பின்னை எப்படி எடுக்க வைப்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.