சராசரியை நம்பி விமானத்தை இறக்கலாமா?

வத்தலக்குண்டு ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெரிய லாரி ஒன்று முந்திக்கொண்டு போனால், அது போன பிறகும் காற்று அடங்காது. வண்டி ஒரு ஆட்டம் ஆடும். விமானத்துக்குப் பின்னாலும் காற்று அடங்குவதில்லை. அங்கே அது இன்னும் முரடு.

இறக்கைக்கு அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அடியில் இருக்கும் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே ஏறப் பார்க்கும். அதனால் இரண்டு நுனிகளில் இருந்தும் இரண்டு சுழல்கள் கயிறு மாதிரி பின்னால் நீளும். விமானம் போய் ஓரிரு நிமிடம் கழித்தும் அவை இருக்கும். 1972 மே 30 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில், டிசி-10 ஒன்றுக்குப் பின்னால் இறங்க வந்த டிசி-9 அந்தச் சுழலில் சிக்கிப் புரண்டு விழுந்தது. உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். இன்று கனரக விமானத்துக்குப் பின்னால் வரும் நடுத்தர விமானம் பொதுவாக 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி வர வேண்டும்.

சரி, இந்தச் சுழலை எப்படி அளக்கிறார்கள்? காற்றுச் சுரங்கத்தில் மாதிரி இறக்கையை மாட்டி, அதன் பின்னால் ஐந்து துளை போட்ட ஊசி போன்ற கருவியைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி அழுத்தத்தைக் குறிப்பது ஒரு முறை. வம்பு என்னவென்றால், சுழல் ஒரே இடத்தில் நிற்காது, அலையும். அலைவதை நிலையான ஊசியால் அளந்து சராசரி எடுத்தால், மையம் உள்ளதைவிட அகலமாகவும் வேகம் உள்ளதைவிடக் குறைவாகவும் வரும். அதாவது, ஆபத்து குறைவாகத் தெரியும்! லேசர் ஒளியில் துகள்களைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் மையத்தைக் கண்டுபிடித்து, அவற்றை ஒன்றின் மேல் ஒன்று பொருத்திய பிறகு சராசரி எடுப்பதுதான் நேர்மையான வழி.

இன்னொரு குறை நீளம். பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1967 முதல் இயங்கும் புகழ்பெற்ற சுரங்கத்தின் அகலமே 1.2 மீட்டர்தான். நிஜச் சுழலோ கிலோமீட்டர் கணக்கில் நீளும். அது எப்படிப் பிறக்கிறது என்று சுரங்கம் சொல்லும். எப்போது சாகும் என்பதை விமான நிலையத்தில்தான் அளக்க வேண்டும்.

சென்னையிலும் மும்பையிலும் ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இடைவெளியைக் குறைத்தால் அதிக விமானங்கள் இறங்கலாம், எரிபொருள் மிச்சம். அந்த லாபக் கணக்கு பொய்யில்லை. ஆனால் குறைக்கச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “எவ்வளவு மிச்சம்?” என்றல்ல; “இந்தச் சராசரியை எப்படி எடுத்தீர்கள்?” என்றுதான். சுழலில் சிக்கும் விமானம் சராசரியில் சிக்குவதில்லை.